யார் நிரூபிக்க வேண்டும்?

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, ஆனா பசங்க தூங்கிடக் கூடாது" என்றார். நான் கெமிக்கல் இன்ஜினியர். பத்துப் பன்னிரண்டு வருஷமாக மருந்து மூலப்பொருள் ஆலைகளில் வேலை. வடிகலனைப் பற்றிப் பேசலாம்தான். அதை நம் பேராசிரியர்கள் பேசினால்தான் அழகு. நான் பேசப்போவது ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பற்றி, அதில் நீங்கள் போடப்போகும் கையெழுத்தைப் பற்றி, அந்தக் கையெழுத்தின் பேரில் ஒருநாள் விசாரணை வந்தால் எதை யார் நிரூபிக்க வேண்டும் என்பதைப் பற்றி.

எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். வீராம்பட்டினம் என்றால் உங்களில் பலருக்குச் செங்கழுநீர் அம்மன் தேர் ஞாபகம் வரும். கவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம், இன்றும் நடக்கிறது. ஆனால் நான் சொல்லவந்தது ஊர்ப் பஞ்சாயத்தை. கடலில் ஒருத்தர் வலை அறுந்து போனால், "இன்னார் போட்டுதான் என் வலை மேல ஏறிடுச்சு" என்று வழக்கு வரும். பெரியவர்கள் எடுத்த எடுப்பில் எதிராளியை நிறுத்திக் கேட்க மாட்டார்கள். புகார் சொன்னவரைத்தான் கேட்பார்கள். "எத்தனை பாகம் ஆழத்துல போட்ட? நீ கண்ணால பார்த்தியா? கூட யார் இருந்தா?" அவர் சொன்னது ஓரளவு நின்ற பிறகுதான் இந்தப் பக்கம் திரும்புவார்கள். "சரிப்பா, அந்நேரம் உன் போட்டு எங்க இருந்துச்சு? அது உனக்குத்தானே தெரியும், நீ சொல்லு."

சட்டம் படிக்காத அந்தப் பெரியவர்கள் செய்தது அப்படியே 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. ஒரு விஷயம் உண்டு என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது 101ஆம் பிரிவு. ஒருவருக்கு மட்டுமே குறிப்பாகத் தெரிந்த சங்கதியை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது 106ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் போய், பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டது. நம்பர்தான் மாறியது, 104, 109 என்று. சரக்கு அதேதான்.

இரண்டாவது விதிக்கு நம் ஊர் உதாரணம் கேட்டால், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாக்களைச் சொல்வேன். வருஷா வருஷம் தாம் உயிரோடு இருப்பதை அவர்களே சான்று கொடுத்து நிரூபிக்க வேண்டும். "நான் செத்துட்டேன்னு அவன்தானே நிரூபிக்கணும்?" என்று வாதாடிப் பார்த்தால் பென்ஷன் வராது.

இனி ரிஜிஸ்டருக்கு வருவோம். நம் நாட்டில் 'கட்டுப்படுத்தப்பட்ட பொருள்' என்றால் போதைப்பொருள் அல்ல. போதைப்பொருளைத் தயாரிக்க உதவக்கூடிய ரசாயனம். அதே ரசாயனம் மருந்துக்கும் சாயத்துக்கும் அன்றாடம் வேண்டும் என்பதுதான் சிக்கல். அசிட்டிக் அன்ஹைட்ரைடு இல்லாமல் ஆஸ்பிரின் இல்லை, நாம் விழுங்கும் பாராசிட்டமாலும் பெரும்பாலும் அதன் உதவியால் வருவதுதான். அதே திரவம்தான் மார்ஃபினை ஹெராயினாக மாற்றுகிறது. சளி மருந்தில் போகும் சூடோஎபெட்ரின், திருட்டுத்தனமாகப் போனால் மெத்தாம்பெட்டமின். 1988ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை இந்த ரசாயனங்களைக் கண்காணிக்கச் சொன்னது. நம்முடைய 1985ஆம் ஆண்டு என்.டி.பி.எஸ். சட்டத்தில் 9ஏ என்ற பிரிவு 1989இல் சேர்ந்தது. அதன்கீழ் 1993இல் ஒரு ஆணை, அதற்குப் பதிலாக 2013இல் இன்னொரு ஆணை. இப்போதைய ஆணைப்படி 'ஏ' அட்டவணையில் உள்ள அசிட்டிக் அன்ஹைட்ரைடு, எபெட்ரின், சூடோஎபெட்ரின், ஆந்த்ரனிலிக் அமிலம் போன்றவற்றைத் தயாரிப்பவர், விற்பவர், வாங்குபவர், பயன்படுத்துபவர் எல்லோரும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவின் மண்டல அலுவலகத்தில் பதிவு எண் பெற வேண்டும். நமக்குச் சென்னை. தினசரிக் கணக்கு, சரக்கோடு போகும் சீட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை, எல்லாம் உண்டு. மீறினால் 25ஏ பிரிவு, பத்து வருஷம் வரை கடுங்காவல்.

'அது கம்பெனி விவகாரம், முதலாளி பாத்துப்பார்' என்று தம்பிகள் நினைக்கலாம். அங்கேதான் 38ஆம் பிரிவு நிற்கிறது. கம்பெனி குற்றம் செய்தால், அந்த நேரத்தில் அதன் நடப்புக்குப் பொறுப்பாக இருந்தவரும் குற்றவாளியாகவே கருதப்படுவார். தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க முடிந்த அளவு எச்சரிக்கையாக இருந்தேன் என்று *அவர்* நிரூபித்தால் தப்பலாம். 'இன்சார்ஜ்' என்று விசிட்டிங் கார்டு அடிக்கும்போது மனசுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அந்தச் சொல்லோடு இந்தப் பிரிவும் இலவசமாக வருகிறது.

இதே சட்டத்தில் இன்னும் இரண்டு பிரிவுகள் வழக்கமான நியாயத்தைத் தலைகீழாகப் புரட்டுகின்றன. 35ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்ற மனநிலை இருந்ததாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 54ஆம் பிரிவு, பொருள் கையில் இருந்து, அதற்குத் திருப்தியான விளக்கம் இல்லை என்றால் குற்றம் செய்ததாகவே அனுமானிக்கச் சொல்கிறது. இது அடுக்குமா என்று சுப்ரீம் கோர்ட்டில் கேட்டார்கள். அந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் தொழிலுக்கு அது ரொம்ப வேண்டியது.

1997 ஆகஸ்ட். அமிர்தசரஸ் ராஜாசான்சி விமான நிலையம். நூர் ஆகா என்ற ஆப்கானியரிடம் இருந்த திராட்சைப்பழ அட்டைப்பெட்டியில் 1 கிலோ 400 கிராம் ஹெராயின் இருந்ததாகச் சுங்க அதிகாரிகள் வழக்குப் போட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை. 2008இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, 35ஆம் பிரிவும் 54ஆம் பிரிவும் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை அல்ல. இரண்டு, அவை தானாக எழுந்து நிற்காது. பொருள் இருந்தது, இவரிடம்தான் இருந்தது, அது முறைப்படி கைப்பற்றப்பட்டது என்ற அடிப்படைச் சங்கதிகளை முதலில் அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் சுமை மறுபக்கம் போகும். அப்படிப் போன பிறகும், குற்றம் சாட்டப்பட்டவர் அரசுத் தரப்பின் அளவுக்கு உயரம் தாண்ட வேண்டியதில்லை, 'இப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்று காட்டினால் போதும். கைப்பற்றிய பொருட்களைக் கையாண்டதில் இருந்த குறைகளால் அந்த ஆப்கானியர் விடுதலையானார்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். "முதல்ல நீ சொல்லு. அப்புறம் நீ."

நம் சென்னையிலிருந்து போன வழக்கு ஒன்றும் உண்டு. தூபான் சிங் வழக்கு. போதைப்பொருள் பிரிவு அதிகாரி விசாரணையின்போது எழுதி வாங்கும் வாக்குமூலத்தை, 67ஆம் பிரிவைக் காட்டி, ஒப்புதல் வாக்குமூலமாகப் பயன்படுத்தித் தண்டிக்கலாமா என்பது கேள்வி. கூடாது என்று 2020 அக்டோபர் 29இல் மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்ப்பளித்தார்கள். இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், ஒரு ஆளின் வாயைவிட அவர் வைத்திருக்கும் காகிதத்துக்கும், காகிதத்தைவிடச் சரக்குக்கும் மதிப்பு கூடியிருப்பது தெரியும். இது இன்ஜினியருக்கு நல்ல சேதி. வாய்ச் சண்டையில் நாம் தோற்போம், அளவையில் தோற்க மாட்டோம்.

அளவை என்றதும் ஒரு கதை. கம்பெனி பேர் வேண்டாம். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் தனியாகச் சின்ன யூனிட் போட்டிருந்தார். சாயத்துக்கான இடைப்பொருள், பதினாலு பேருக்கு வேலை. மூன்று மாதக் கணக்கில் அசிட்டிக் அன்ஹைட்ரைடு மூன்று டிரம் குறைந்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அது வந்த சேதி எப்படியோ பரவி, சப்ளையர் சரக்கை நிறுத்திவிட்டார். நண்பர் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தார். "மாப்ள, மழைக்காலத்துல ஃபோர்க்லிஃப்ட் இடிச்சு மூணு டிரம் ஓட்டையாயி ஊத்திடுச்சு. தண்ணிய அடிச்சு, சுண்ணாம்பு போட்டு ட்ரெயின்ல விட்டுட்டோம். அத யாருமே எழுதி வைக்கல. நான் என்னத்த காட்டுவேன்?"

எழுதி வைக்கவில்லைதான். ஆனால் ரசாயனம் எழுதி வைத்திருந்தது. டிரம்முக்கு 200 லிட்டர், அடர்த்தி 1.08, ஆக மூன்று டிரம்முக்கு 648 கிலோ. தண்ணீரோடு சேர்ந்தால் 102 பங்கு அன்ஹைட்ரைடு 120 பங்கு அசிட்டிக் அமிலமாகும், அதாவது 762 கிலோ. அதை நடுநிலையாக்கச் சுத்தமான நீர்த்த சுண்ணாம்பு 470 கிலோ வேண்டும். கடையில் கிடைக்கும் தரத்துக்கு 50 கிலோ மூட்டை பத்துப் பதினொன்று ஆகும். ஸ்டோர் சீட்டைத் தேடினோம். அந்த வாரம் வழக்கமாகப் போகும் சுண்ணாம்பைவிடப் பதினொரு மூட்டை கூடுதலாக வெளியே போயிருந்தது. ஸ்டோர் பையன், யார் கேட்பார் என்று தெரியாமலே ஒழுங்காகச் சீட்டு எழுதியிருந்தான். ஓட்டை டிரம்களைப் பழைய இரும்புக்குப் போட்ட எடை ரசீதும் கிடைத்தது. உற்பத்திப் பக்கம் பேட்ச் ஷீட்டுகள் கணக்கோடு ஒத்துப்போயின.

விசாரித்த அதிகாரி பொறுமையாகக் கேட்டாராம். சுண்ணாம்புக் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தாராம். பதிவு தப்பியது. ஆனால் அதற்குள் நாலு மாதம் ஓடி, பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வேறு இடம் போய்விட்டார். பதினாலு பேரில் ஒன்பது பேரை நிறுத்த வேண்டியிருந்தது. நிரூபிக்கும் பொறுப்பு என்றால் கோர்ட்டில் யார் முதலில் பேசுவது என்ற பிரச்சினை மட்டுமல்ல என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நிரூபித்து முடிக்கும் வரைக்கும் யார் பட்டினி கிடப்பது என்பதும் அதில் அடக்கம்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சிறைக்கு அனுப்பும் வழக்கு வேறு, பதிவைக் கொடுப்பதா பறிப்பதா என்ற விசாரணை வேறு. பின்னதில் 'சந்தேகத்துக்கு இடமின்றி' என்ற உயரம் கிடையாது. தராசு எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது என்று பார்த்தால் போதும். அப்படியானால் அதிகாரி என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? இதற்கு நம் கடற்கரைக்காரர்களுக்குப் பிடித்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் வழக்கு, சுப்ரீம் கோர்ட், 2010. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தில் பதிவு பெற்ற ஏற்றுமதிக் கம்பெனி அது. அனுப்பிய சரக்கு மட்டம் என்று வெளிநாட்டில் வாங்கியவர் புகார் செய்தார். பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு வந்த நோட்டீசிலேயே, குற்றம் நிரூபணமாகிவிட்டது என்ற தோரணையில் எழுதியிருந்தார்கள். பிறகு ரத்தும் செய்தார்கள். சுப்ரீம் கோர்ட் அந்த ரத்தைத் தள்ளிவிட்டது. நோட்டீஸ் என்பது குற்றச்சாட்டைச் சொல்லிப் பதில் கேட்கும் காகிதம், முடிவை எழுதிவிட்டுப் பதில் கேட்டால் அது வெறும் சடங்கு என்பது தீர்ப்பின் சாரம். காரணம் எழுதாத உத்தரவும் நிற்காது என்றது. மீன் வழக்குதான், ஆனால் பதிவு என்று வரும் எல்லா இடத்துக்கும் பொருந்தும். நோட்டீஸ் கையில் வந்தால் பயந்துபோய்ப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவதற்கு முன், அதில் என்ன குற்றச்சாட்டு, எந்தத் தேதி, எத்தனை கிலோ, எந்த ஆதாரம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் ஆலைகளில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே பேர் கொஞ்சம் மாறும். 'கட்டுப்படுத்தப்பட்ட பொருள்' என்றால் அங்கே மார்ஃபின் மாதிரி மருந்தே. 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி டாக்டர், மருந்துக்கடை, ஆலை எல்லோரும் டி.இ.ஏ. என்ற அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். மறுத்தாலோ பறித்தாலோ விசாரணை உண்டு. நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்று விதியிலேயே பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். மிகக் கடுமையான முதல் இரண்டு அட்டவணை மருந்துகளைத் தயாரிக்கவோ, இறக்குமதி ஏற்றுமதி செய்யவோ பதிவு கேட்டால், தகுதி உண்டு என்று கேட்பவர் காட்ட வேண்டும். மற்றபடி பெரும்பாலும் பதிவை மறுப்பதானாலும், கொடுத்த பதிவை நிறுத்தி வைப்பதானாலும், பறிப்பதானாலும் தகுதி இல்லை என்று அரசுதான் காட்ட வேண்டும். எபெட்ரின் போன்ற ரசாயனங்களுக்கான பதிவிலும் சுமை அரசின் மேல்தான். கதவைத் தட்டுபவனுக்கு ஒரு நியாயம், உள்ளே உட்கார்ந்து பிழைப்பவனை எழுப்புவதற்கு ஒரு நியாயம். எனக்கு இது சரியாகவே படுகிறது.

ஆனால் அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. அரசு தன் பங்கை நிறுவிவிட்டால், பதிவு பெற்றவர் 'இனி என்னை நம்பலாம்' என்று காட்ட வேண்டும். அதற்கு நடந்த தவறை முதலில் முழுமனதாக ஒப்புக்கொண்டாக வேண்டும் என்று அந்த அமைப்பின் முடிவுகள் வரிசையாகச் சொல்கின்றன. உண்மையிலேயே தவறு செய்யாதவர் என்ன செய்வார்? ஒப்புக்கொண்டால் பொய், மறுத்தால் பதிவு போகும். ஒப்புக்கொள்வதையே நம்பிக்கைக்கு அளவுகோலாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பஞ்சாயத்தில்கூட, வலையை அறுக்காதவனை "அறுத்தேன்னு சொல்லு, விட்டுடறோம்" என்று கேட்டால் ஊர் சிரிக்கும்.

சுமையை அளவுக்கு மீறி ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு மார்ஃபினே சாட்சி. 1985 சட்டத்துக்குப் பிறகு புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் வாங்கி வைக்க ஆஸ்பத்திரிகளுக்குப் பல மாநிலங்களில் லைசென்சுக்கு மேல் லைசென்ஸ் வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் வேறு அலுவலகம். கிராம் கணக்கில் தவறினால் ஜெயில் என்ற பயத்தில் பலர் அதை வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு அதலபாதாளத்துக்குப் போனது. அபின் விளைவித்து உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிற நாட்டில் நோயாளி வலியில் கத்திக்கொண்டிருந்தான். 2014இல்தான் சட்டத்தைத் திருத்தி, 'அத்தியாவசியப் போதை மருந்து' என்ற பிரிவை உண்டாக்கி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனத்துக்கு ஒரே இடத்தில் அனுமதி என்று வைத்தார்கள். இருபத்தொன்பது வருஷம். எங்கள் தெருவில் தொண்டைப் புற்றோடு கடைசி மூன்று மாதம் கிடந்த ஒரு பெரியப்பாவின் சத்தம் பக்கத்து வீட்டில் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டிருக்கிறது. ஆகவே கடுமையான சட்டம் என்றாலே கைதட்டும் கூட்டத்தில் நான் இல்லை. சட்டமே வேண்டாம் என்ற கூட்டத்திலும் இல்லை. 2016இல் சோலாப்பூர் பக்கம் ஒரு ஆலையில் டன் கணக்கில் எபெட்ரினைத் தானே போலீஸ் பிடித்ததைப் பேப்பரில் படித்தவன் நான்.

உரை முடிந்து கேள்வி நேரத்தில் கடைசி வருஷத் தம்பி ஒருவர் எழுந்தார். மலரில் அதையும் சேர்க்கச் சொன்னார்கள். "அண்ணா, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, 'பழையவர் போயிட்டார், இனிமே நீதான் அத்தாட்சிக் கையெழுத்து'ன்னு ரிஜிஸ்டரை நீட்டினா என்ன பண்றது?"

"போடு, ஆனா உடனே போடாதே" என்றேன். முதலில் கோடவுனுக்குப் போ. டிரம்களை எண்ணு. சீல் உடைந்ததைத் தராசில் ஏற்று, எடையைக் குறி. பதிவு எண்ணின் நகலையும், கடைசியாக அனுப்பிய மூன்று மாதக் கணக்கையும் கேட்டு வாங்கு. ரிஜிஸ்டரில் பழைய கணக்குக்குக் கீழே கோடு போட்டு, 'இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, நேரில் எண்ணி எடுத்துக்கொண்ட இருப்பு இவ்வளவு' என்று உன் கையால் எழுது. ஸ்டோர்காரரையும் மேனேஜரையும் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல். வித்தியாசம் இருந்தால் அதையும் கிலோவில் எழுது.

"மேனேஜர் கையெழுத்துப் போட மாட்டேன்னா?" என்றார் தம்பி. "அன்னைக்கே அவருக்கு ஒரு மெயில் போடு. மேனேஜர் இந்தத் தேதியில கையெழுத்துப் போடலைன்னு அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல எழுதிடு" என்றேன். அதற்குள் டீ வந்துவிட்டது.